இடது பின்சக்கரம்

மலம், மூத்திரம், சளி எதைக் கண்டும் அவள் முகம் சுளித்ததில்லை. பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக அவற்றின் மூடியைத் திறந்து, கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் அவள் வேலை. மதியம் கையைக் கழுவிவிட்டு அதே கட்டடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை காலை, வீட்டு வாசலில் கார்ச் சக்கரத்தின் முன் குந்தியபடி, வாந்தி வந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் மாலை அப்பாவைக் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுக் கார். மேம்பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் சிவப்பு விளக்கைப் பார்த்து பிரேக்கை மிதித்தாள். சேற்றில் கால் வைத்ததுபோல் பெடல் அடிவரைக்கும் போயிற்று. மறுபடி மறுபடி மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. வண்டி வலப்பக்கமாக இழுத்தது. கைப் பிரேக்கையும் சேர்த்து இழுத்தாள். முன்னால் நின்ற ரொட்டி வேனுக்கு ஒரு முழம் இருக்கும்போது கார் நின்றது.

கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. "சிக்னலா?" என்றார்.

"ஆமாப்பா."

வீடு வரைக்கும் நடைவேகத்தில் ஓட்டிவந்தாள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள்.

அவளுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் அந்த பிரேக்கைச் சரிசெய்தது. செய்தவர் அக்கா புருஷன். மின்விசிறிக் கடையில் விற்பனையாளர். எதைக் கண்டாலும் திருப்புளியும் கையுமாகப் போய் நிற்பதால் அவர் தெருவில் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி கார், ஒரே தரகரிடம் ஒரே வாரத்தில் வாங்கியது. அதுவும் டாக்டரின் யோசனைதான்.

இடது பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிகிறது என்று கண்டுபிடித்தது என்னவோ அவள்தான். கூடத்தில் கெட்டுப்போகும் இயந்திரங்களைப் பிரித்து மாட்டிப் பழகிய கை. வீல் சிலிண்டர் போய்விட்டது என்று தெரிந்ததும் புதியதையும் அவளே வாங்கி வந்தாள். கட்டைவிரல் நீள உருளைதான் அது. பெடலை மிதித்தால் ஆயில் பாய்ந்து அதைத் தள்ளும், அது பிரேக் கட்டைகளை விரிக்கும், சக்கரம் நிற்கும். மாட்ட உட்கார்ந்தபோது அத்தான் விடவில்லை.

"நான் ஒருத்தன் இருக்கும்போது நீ எதுக்கும்மா கிரீஸ்ல கை வைக்கிற? வண்டியை எங்க வீட்ல விட்டுட்டுப் போ."

மறுநாள் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். துருப்பிடித்த பழைய சிலிண்டரைத் தாளில் பொதிந்து எடுத்துவந்து, "பாத்தியா, இதான் உனக்கு எமனா இருந்தது" என்று காட்டினார். இரண்டு முறை காபி கேட்டு வாங்கிக் குடித்தார். அவள் நன்றி சொன்னாள். அந்தப் பழையதைக் குப்பையில் போட்டதும் அவளே.

இப்போது அந்தச் சக்கரத்துக்கு முன்னால்தான் குந்தியிருந்தாள். மற்றச் சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, அடியில் இரும்பு முட்டுகளை வைத்திருந்தாள். கூடத்து முகக்கவசமும் கையுறையும் போட்டிருந்தாள். டயரின் உள்பக்கம் ஈரமாக மின்னியது. முன்மூடிக்குள் இருந்த பிரேக் ஆயில் கிண்ணம் கிட்டத்தட்டக் காலி. சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கை மூடியிருந்த டிரம்மைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினாள். கால் மணி நேரம் முரண்டு பிடித்துவிட்டு அது கையோடு வந்தது.

உள்ளே இருந்ததைப் பார்த்ததும்தான் குமட்டியது. பழைய ஆயிலும் பிரேக் தூளும் கலந்து கரிய கூழாகக் கட்டைகள் மேல் அப்பிக் கிடந்தன. அதற்கு நடுவே, ரப்பர் அழுகி, துரு பூத்து, பழைய சிலிண்டர் அப்படியே உட்கார்ந்திருந்தது. யாரும் அதைத் தொட்டதாகவே தெரியவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் சரிந்து பார்த்தாள். அந்தச் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுவரும் இரும்புக் குழாயைப் பாதியில் வெட்டியிருந்தார்கள். வெட்டிய முனையை மடக்கிச் சுத்தியலால் நசுக்கி, மேலே பசையைப் பூசிக் கம்பியால் சுற்றியிருந்தது, செத்த எலியின் வாலைக் கட்டித் தொங்கவிட்டதுபோல. பசை வெடித்து, முனையில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. இரண்டு மாதமாக அவள் மூன்று சக்கர பிரேக்கில் ஓடியிருக்கிறாள். இந்தச் சொட்டுதான் கிண்ணத்தைக் காலி செய்திருக்கிறது.

திடீரென்று இன்னொன்று உறைத்தது. பழைய சிலிண்டர் இங்கேயே இருக்கிறது என்றால், அவர் தாளில் பொதிந்து வந்து காட்டியது யாருடையது?

எழுந்து கையுறையைக் கழற்றி எறிந்தாள். அப்பா வாசற்படிக்கு வந்து, "என்னம்மா, எலியா?" என்றார்.

"எலியா இருந்தாத் தேவலப்பா" என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்பமாட்டார். முழங்கால் வலியோடு குனிந்து குழாயைப் பார்த்தார். நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார்.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு இருந்திருக்கான்" என்றார் மெதுவாக. பிறகு, "நேத்து நாம நின்னது சிக்னல்தானா?" என்று கேட்டார்.

அவள் தரையில் கிடந்த கையுறைகளைப் பொறுக்கினாள்.

அக்காவுக்குப் போன் செய்தாள். அரை மணி நேரத்தில் இருவரும் அவர்கள் காரிலேயே வந்து இறங்கினார்கள். பிள்ளைகள் இருவரையும் நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வருவதாக அக்கா சொன்னாள். கழற்றிக் கிடந்த டிரம்மை அத்தான் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்த திருப்புளியை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

"என்னம்மா, அதுக்குள்ள பிரிச்சிட்டியா?"

"நான் வாங்கிக் குடுத்த சிலிண்டர் எங்க அத்தான்?"

"அது வந்து, சைஸ் சரியா வரல. திருப்பிக் குடுக்கலாம்னு..."

"உங்க வண்டிக்குச் சரியா வந்துச்சு, இல்ல?"

அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட வெட்கம் அதில் துளிகூட இல்லை. சீட்டாட்டத்தில் ஒரு கை தோற்றதுபோல் சிரித்தார்.

"இங்க பாரு, ஒரு பக்கம் அடைச்சா ஒண்ணும் குடி முழுகிடாது. மூணு சக்கரம் பிடிச்சாப் போதும். எத்தனை லாரிக்காரன் அப்படி ஓட்டுறான் தெரியுமா? எங்க வண்டில அன்னைக்குத்தான் கசிவு வந்துச்சு. ரெண்டு குழந்தைங்க போற வண்டி. நீ ஒண்டிக்கட்டை, பைய ஓட்டுவ."

"அப்பா?"

"அவர் எப்பவாவதுதானே ஏறுறார்."

அப்பா அவருக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அத்தான் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியப்பட்ட முகம் இல்லை அது.

"உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியும்னா... அவர் சொன்னார். வாரத்துல ரெண்டு நாள்தான் உன் வண்டி ஓடுதுன்னு நான்தான்..." நிறுத்திக்கொண்டாள். "அடுத்த மாசம் புதுசு வாங்கி மாட்டிடலாம்னு இருந்தோம். ஆனது ஆச்சு, விடேன். கூடப்பிறந்தவகிட்ட இதுக்குப் போயி..."

அத்தான் மேல் வந்தது கோபம். அக்கா சொன்னதைக் கேட்டபோது வந்தது வேறு. சோற்றில் பாதி சாப்பிட்ட பிறகு அடியில் புழு நெளிவதைக் கண்டதுபோல் இருந்தது. சின்ன வயதில் ஒரே போர்வையில் படுத்தவள், இவள் காய்ச்சலுக்கு ராத்திரி முழுக்க விழித்திருந்தவள், எந்த உயிர் குறைவாக ஓடுகிறது என்று கணக்குப் பார்த்திருக்கிறாள்.

"சரி சரி, இப்பவே கழட்டிக் குடுத்திடறேன்" என்று அத்தான் தன் காரைத் திறக்கப் போனார். "முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே."

"கழட்டாதீங்க."

"ஏன்?"

"அதுல குழந்தைங்க போகுது."

அத்தானுக்கு அது புரியவில்லை. ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொண்டார். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார்.

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "மாப்பிள்ளை, கிளம்புங்க. வகுப்பு விட்டுடுவாங்க, பிள்ளைங்க காத்திருக்கும்." இத்தனை வருடத்தில் மருமகனைக் காபி குடிக்கச் சொல்லாமல் அவர் அனுப்பியது அன்றுதான்.

அவள் உதிரிபாகக் கடைக்கு நடந்தே போனாள். சிலிண்டர், அளவுக்கு வளைத்து முனை பொருத்திய குழாய், ஒரு ஜோடி கட்டைகள், ஆயில். மதியம் முழுக்கக் கூழைச் சுரண்டி எடுத்தாள். தண்ணீர் விட்டு நனைத்து, துணியில் வழித்து, துணிகளைப் பையில் போட்டுக் கட்டினாள். கட்டிய பிறகும் அந்த நாற்றம் மூக்கைவிட்டுப் போகவில்லை. ஆயிலின் நாற்றம்தானா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

கடைசியில் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இன்னொரு கால் வேண்டும். அப்பா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"மிதிங்கப்பா. பிடிச்சுக்குங்க."

"பிடிச்சாச்சு."

அவள் சக்கரத்தடியில் திருகைத் தளர்த்தினாள். கீழே வைத்திருந்த பாட்டிலுக்குள் ஆயில் குமிழி குமிழியாக வந்தது. இறுக்கினாள்.

"விடுங்க."

"மிதிக்கவா?"

"விடுங்கப்பா, விடுங்க."

"தெளிவாச் சொல்லு. விடுன்னா காலையா, பேச்சையா?"

அன்று முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலு சக்கரத்துக்கும் அப்படியே செய்தார்கள். குமிழிகள் நின்று, தெளிந்த ஆயில் மட்டும் வந்தது. பெடல் கல்லாக நின்றது. அப்பா அதைத் தானே பத்துத் தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

ஞாயிறு காலை கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த வெற்றுச் சாலையில் ஓட்டிப் பார்த்தாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. ஸ்டீயரிங்கிலிருந்து கையைச் சற்றே தளர்த்தி மிதித்தாள். எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது.

வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்தது. அக்கா.

"அவர் வண்டில முன்சக்கரத்துல கறகறன்னு சத்தம் வருது. அவருக்கு ஒண்ணும் புரியல. உன்கிட்டக் கேட்கவே கூச்சமா இருக்கு..."

கூச்சமாம். போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். பின்னணியில் சின்னவன் எதற்கோ அழுதுகொண்டிருந்தான்.

"பிள்ளைங்களை அந்த வண்டில ஏத்தாதே. பஸ்ல அனுப்பு" என்றாள். "சாயங்காலம் வர்றேன். நான் வர்றப்ப அத்தான் வீட்ல இருக்கக் கூடாது. எனக்கு எதுவும் சமைக்க வேண்டாம்."

"ஏண்டி இப்படிப் பேசற?"

"சாவியை வாசல்ல வெச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அலமாரியைத் திறந்து, புதிய கையுறைகள் ஒரு ஜோடி இருக்கிறதா என்று தேடினாள்.