புளிப்பு இறங்கிய வயிறு

சீனாக்காரனோடு சண்டை நடந்த அந்த ஐப்பசியில் நான் திண்டுக்கல்லில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வயிற்றுப் புண்ணோடு கிடந்தேன். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன் நான். மூட்டைக்கு முதுகு கொடுக்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் தணலை வைத்தது போல எரியும். இரண்டு வாய் கஞ்சி போனால் அடங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் மூட்டையோடு சுருண்டு விழுந்தேன். மண்டி ஆட்கள் தூக்கி வந்து இங்கே போட்டார்கள்.

அறுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். அறுக்கிற டாக்டர் மதுரையிலிருந்து மாதம் ஒரு தரம் வருவார். அறுப்பு என்றதும் எனக்குச் சடையாண்டியின் நினைப்புதான் வந்தது. என்னோடு மூட்டை தூக்கியவன். வயிற்றை அறுத்துக்கொண்ட பிறகு உயிரோடு இருந்தான், அவ்வளவுதான். ஒரு குடம் தண்ணீர் தூக்க மாட்டாமல் மண்டி வாசலில் சிந்தின வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். எனக்கு முதுகைத் தவிர வேறு சொத்து கிடையாது. அறுக்காமல் போனால் போதும் என்று கிடந்தேன். ஆனால் புண் ஓட்டை விழுந்துவிட்டால் ஒரே நாளில் ஆள் போய்விடுவான் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்தப் பயம் ஒரு பக்கம், இந்தப் பயம் ஒரு பக்கம்.

அந்தச் சமயத்தில்தான் பவுல்ராஜ் டாக்டர் எங்கள் வார்டுக்கு வந்தார். அவர் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. மதராஸில் மருந்து ஆராய்ச்சி செய்கிறவர். ஒல்லியான மனுஷர், நடக்கும்போதே எதையோ முணுமுணுத்துக்கொண்டு போவார். ஊமத்தை இலையிலிருந்து ஒரு சத்தை எடுத்து மாத்திரை பண்ணியிருந்தார். வயிற்றில் ஊறுகிற புளிப்பு நீர்தான் புண்ணை அரிக்கிறது, அந்தப் புளிப்பை இந்த மாத்திரை குறைக்கும், குறைந்தால் புண் தானே ஆறும் என்றார்.

பக்கத்துக் கட்டில் ஆண்டிச்சாமி சும்மா இருப்பானா? "ஏப்பா சோலைமுத்து, ஊமத்தங்காயைத் தின்னா கிறுக்குப் பிடிக்கும்னு எங்க ஊர்க் கழுதைக்குக்கூடத் தெரியும். இவரு அதைப் பட்டணத்துல போய்ப் படிச்சிட்டு வந்திருக்காரு."

டாக்டரும் சிரித்தார். "கழுதை அளவு தெரியாமத் தின்னுருக்கும்" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. மதராஸ்ல ஒருத்தர் பிரிச்சு அனுப்பறார். தெரிஞ்சா என் கண்ணு எனக்குச் சாதகமாப் பார்க்கும்."

அன்றிலிருந்து எனக்கு வேறொரு கவலை. மாத்திரை போட்ட இரண்டாம் நாளே ஆண்டிச்சாமிக்கு நாக்கு வறண்டு அட்டை மாதிரி ஆகிவிட்டது. கண் மங்குகிறது என்றான். எனக்கு ஒன்றும் இல்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டேதான் இருந்தது. எனக்கு விழுந்தது மாவோ என்று மனசு அரிக்கத் தொடங்கியது.

திங்கட்கிழமைதோறும் சோதனை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு ரப்பர் குழாயை விழுங்க வேண்டும். குமட்டிக்கொண்டு வரும், கண்ணில் தண்ணீர் கொட்டும். குழாய் வழியாக வயிற்று நீரை ஊசிக்குழலில் இழுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, அதில் ஏதோ ஒரு மருந்துத் துளியை டாக்டர் கலப்பார். சிவப்பாகும். பிறகு வேறொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். சிவப்புப் போய் மஞ்சளாகிற வரைக்கும் எத்தனை சொட்டு விழுகிறதோ அத்தனை புளிப்பு. முதல் தடவை சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் குறைந்துகொண்டு வந்தது.

"பலே!" என்றார் டாக்டர். "புளிப்பு இறங்குது."

"எரிச்சல் அப்படியேதான் சார் இருக்கு."

"புண்ணு ஆற நாளாகும். தண்ணி பொய் சொல்லாது."

நம்பத்தான் ஆசையாக இருந்தது. வலியைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு அந்தச் சொட்டுக் கணக்கை நம்பினேன்.

மதுரை டாக்டர் வருகிற நாளும் ஒரு திங்கட்கிழமையாக அமைந்தது. புளிப்பு இன்னும் இறங்கியிருந்தால் அறுப்பு வேண்டாம், இல்லையென்றால் இன்றைக்கே என்று பேசி வைத்திருந்தார்கள். விடியும் முன்பே விழித்துக் கிடந்தேன். என் பெண்சாதி சிவனம்மாள் எனக்கு மேல் பயந்திருந்தாள். அவள் பழனிப் பக்கத்து நெய்க்காரப்பட்டிக்காரி. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்தான் படுத்துக்கொள்வாள்.

குழாய் போட்டு இழுத்ததும் பவுல்ராஜ் டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. கிண்ணத்தில் விட்ட நீர் கலங்கலாக, அடியில் கறுப்பும் சாம்பலுமாகப் பொடிப்பொடியாகப் படிந்தது.

"சிஸ்டர்! சீக்கிரம் வாங்க. ரத்தம் கசியுது."

நர்ஸ் செபாஸ்தியம்மாள் ஓடி வந்தார். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் காப்பித்தூள் மாதிரி வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஓட்டை விழுந்துவிட்டது, முடிந்தது என்றே நினைத்தேன். டாக்டர் ஏதோ மருந்தை ஊற்றிப் பார்த்தார். ரத்தமென்றால் நீலமாக வேண்டுமாம். ஆகவில்லை. புளிப்புக்கு இருக்கிற துளியைக் கலந்தார். சிவப்பே வரவில்லை. எடுத்த எடுப்பில் மஞ்சள்.

"புளிப்பே இல்லை. ஒரு மனுஷ வயித்துல இப்படி வராதே..." என்று முணுமுணுத்தவர் என்னைப் பார்த்தார். "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பச்சைத் தண்ணி பல்லுல படலை சார்."

"நிஜமா?"

"முருகன் மேல ஆணை சார்."

சிவனம்மாள் கதவோரம் நின்று சொன்னாள். "ஒண்ணுமே திங்கலைங்க சாமி. துன்னூறு மட்டுந்தானுங்க குடுத்தேன்."

"என்ன குடுத்தீங்க?"

"துன்னூறுங்க. பழனி மலைத் துன்னூறு. மொதத் தடவை இவிங்க பட்ட பாட்டைப் பார்த்ததுலேர்ந்து, கொழா முழுங்கறதுக்கு முன்னால ஒரு கிளாஸ் தண்ணியில கரைச்சுக் குடுப்பனுங்க. எப்பவும் சீலையில வடிகட்டித்தான் குடுக்கறது. இன்னைக்கு அறுப்போ என்னமோன்னு பயத்துல ரெண்டு கை அள்ளிப் போட்டு அப்படியே குடுத்துட்டனுங்க."

"ஏம்மா, எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"ஏனுங்க, துன்னூறு சாப்பாடுங்களா?"

எனக்கும் திருநீறு சாப்பாடாகத் தோன்றியதில்லை. அவர் கேட்டபோதெல்லாம் நான் இல்லை என்றதில் பொய்யும் இல்லை.

"சாம்பல்மா அது" என்றார் டாக்டர், குரல் இறங்கி. "புளிப்பை முறிச்சிரும். அப்ப இத்தனை வாரமா..." சட்டென்று நிமிர்ந்து வார்டைப் பார்த்தார். "வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

"கேட்டவிங்களுக்கெல்லாம் குடுத்தனுங்க. பாவம், எல்லாரும் அந்தக் கொழாய்க்குப் பயப்படறாங்க."

"எனக்கும்தான் டாக்டரய்யா" என்றான் ஆண்டிச்சாமி. "உங்க ஊமத்தைக்கு மாத்து ஒண்ணு வேணும்ல?"

செபாஸ்தியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் பார்த்தேன் டாக்டர். சாமி விஷயம், நாம எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

டாக்டர் கண்ணாடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பாதிப் பேருக்கு மாவு கொடுத்தும் ஏன் எல்லோருக்கும் ஒன்று போலவே இறங்குகிறது என்று இத்தனை வாரமும் அவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. திட்டுவார் என்று பார்த்தோம். திட்டவில்லை. "மறுபடியும் பார்க்கணும்" என்றார். "வயித்தைக் கழுவிட்டு, செத்த நேரம் விட்டு."

சிவனம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "கழுவினா உள்ள இருக்கற துன்னூறும் போயிருமுங்களே. அதுதானுங்க இவிங்களை நிறுத்தி வெச்சிருக்குது."

"போகட்டும் விடு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் அதை விட மனசில்லை.

குழாய் வழியே தண்ணீரை ஊற்றி ஊற்றி இழுத்தார்கள். தெளிவாக வருகிற வரைக்கும் விடவில்லை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு காத்துக் கிடந்தேன். மதுரை டாக்டர் வந்துவிட்ட சத்தம் அடுத்த அறையில் கேட்டது. எரிச்சல் மெல்ல மெல்ல ஏறியது.

மறுபடி இழுத்தார்கள். சிவப்பு, நல்ல இரத்தச் சிவப்பு. சொட்டு விழ ஆரம்பித்தது. விழுந்தது, விழுந்தது, சிவப்பு மாறவே இல்லை. நான் டாக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை விழுந்ததைவிட அதிகம் என்று அவர் வாயைத் திறக்காமலே தெரிந்துவிட்டது.

"அப்ப எனக்குக் குடுத்தது மாவுதானே சார்?"

"தெரியலைங்க."

"மாத்திரையா இருந்தா?"

"உங்களுக்கு அது பிடிக்கலைன்னு அர்த்தம். மாவுன்னா, இன்னும் மருந்தே ஆரம்பிக்கலைன்னு அர்த்தம்."

"ஆரம்பிச்சா ஆறிருமா? அறுக்காமத் தப்பிச்சிரலாமா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்தேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "இப்ப எங்கிட்ட ஒரு கணக்கும் இல்லை."

அடுத்த அறையிலிருந்து மதுரை டாக்டர், "என்ன பவுல்ராஜ், அறுப்பு உண்டா இல்லையா?" என்று குரல் கொடுத்தார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். "சார், ஒண்ணு கேக்கறேன். இது உங்க வயிறா இருந்தா?"

அவர் மேசையில் இருந்த தன் மாத்திரைப் புட்டியைப் பார்த்தார்.

"அறுத்துக்கிடுவேன்" என்றார்.

"அவரு மருந்தை அவரே நம்பலைங்களே!" என்றாள் சிவனம்மாள்.

"நல்ல மருந்தாத்தான் இருக்கும்மா. அது தெரியற வரைக்கும் இந்த வயிறு தாங்காது" என்றார் டாக்டர்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. மாத்திரை கொடுக்கிறவர் வாயிலிருந்தே அது வந்த பிறகு, எனக்கென்று யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. "சரி சார், அறுக்கச் சொல்லுங்க" என்றேன். செபாஸ்தியம்மாள் வயிற்றை மழிக்கக் கத்தியும் வெந்நீரும் எடுக்கப் போனார்.

"மண்டியில போய்ச் சொல்லிரு" என்றேன் சிவனம்மாளிடம். "என் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுக்கிடட்டும். இனிமே நம்மால மூட்டை ஆகாது."

அவள் நகரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல நீங்க உள்ள போயிட்டுக் கண்ணைத் தொறங்க. மண்டி எங்கயும் போயிராதுங்க."