ஓடைக்கு இடம்விட்ட பாலம்

செவ்வாயும் வெள்ளியும் முதஸ்ஸிரின் வேன் கிருஷ்ணனுக்காகவே ஓடியது. சவ்வாது மலையில் சாமை விதைத்துப் பிழைத்தவர் கிருஷ்ணன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. அமிர்தி வழியாக வேலூருக்கு இறங்கி, டயாலிசிஸ் முடித்து, பொழுது சாய்வதற்குள் மலையேற வேண்டும். ஒருமுறை நாள் தவறியபோது மூச்சுமுட்டிப் பிழைத்ததே பெரிய விஷயம். வாணியம்பாடியிலிருந்து புளி வாங்க மலைக்கு வந்துபோகிறவர் முதஸ்ஸிர். இந்த ஓட்டம் எப்படியோ அவர் பொறுப்பாகிவிட்டது.

அந்த வழியில் ஓடைமேல் இருந்த குழாய்ப் பாலத்தைத் திடீரென்று இடித்தார்கள். போளூரைச் சுற்றிப் போகச் சொன்னார்கள். முதல் நாள் திரும்பும்போது கிருஷ்ணன் மூன்று முறை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்தார். மறுநாள் காலையே முதஸ்ஸிர் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்க் கத்தினார்.

"யாரு இங்க இன்ஜினியரு? நல்லா கீற பாலத்த இன்னாத்துக்கு இடிக்கிறீங்க?"

தலைக்கவசம் போட்டிருந்த பெண் முன்னால் வந்தாள். பெயர் ஜெனிலா. அவர் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டாள்.

"அது பழைய மழைக் கணக்குக்குப் போட்ட குழாய், பாய். இனிமே வரப்போற மழைக்கு வானிலைக் கணிப்பு வாங்கிப் பாத்தோம். வருஷத்து மழை ரொம்பக் கூடாட்டியும், பத்து நாள் பெய்யறது ஒரே நாள்ல கொட்டும்ங்கறாங்க. ரெண்டு குழாய் தாங்காது. தண்ணி போக மூணு கண்ணு வச்சுப் பெரிய பாலமாக் கட்டறோம்."

"நிச்சயமா கொட்டுமா?"

"எந்த வருஷம்னு சொல்ல முடியாது. ஆனா பாலம் அறுபது வருஷம் நிக்கணுமே."

"அதுக்குள்ள எங்க ஆளு போய்ட்டா?"

"எந்த ஆளு?"

கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னார். அவள் கிழமையையும் நேரத்தையும் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியலில், ஓடைப் படுகையில் கல் பரப்பி ஒரு வண்டி போகும் அளவுக்குத் தடம் போட்டிருந்தார்கள். ஜெனிலா அங்கேயே நின்றிருந்தாள். "மெதுவா ஏறுங்க பாய்" என்று கைகாட்டினாள். வேலை நடந்த ஐந்து மாதமும் அந்தத் தடம் ஒருநாள்கூட அடைபடவில்லை. கத்தியதை நினைத்து முதஸ்ஸிருக்குக் கூச்சம். நன்றி சொல்ல நா எழவில்லை. பாலம் முடிந்ததும் அவள் செங்கத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டாள்.

"இத்தினியூண்டு ஓடைக்கு இம்மாம் பெரிய பாலமா?" என்று மலையில் சிரிக்காதவர் இல்லை.

இரண்டாம் வருடம் கார்த்திகையில், ஒரு வியாழக்கிழமை பிடித்த மழை விடவேயில்லை. வெள்ளி காலை கிருஷ்ணனை ஏற்றிக்கொண்டு பயந்து பயந்து இறங்கினார் முதஸ்ஸிர். ஓடை செம்மண் நிறத்தில், வேரோடு மரங்களைப் புரட்டிக்கொண்டு இரைந்தது. ஆனால் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறவில்லை. மூன்று கண்களும் வெள்ளத்தை வாங்கி வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

காவலுக்கு நின்ற வனக்காவலர் கலையரசன் ஓடிவந்தார். "பயப்படாத போங்க பாய், இப்பதான் பாத்துட்டு வர்றேன். அந்தாண்ட செங்கம் ரோட்டுல இருந்த குழாய்ப் பாலம்தான் அடியோட போய்டுச்சு."

வண்டி அக்கரை ஏறியதும் கிருஷ்ணன் பிடித்திருந்த கம்பியை விட்டார். "அந்தப் பொண்ணு எங்க கீது பாய்? பாக்கணும்."

புதன்கிழமை இருவரும் செங்கம் போனார்கள். அலுவலகத்தில் ஜெனிலா அவர்களை அடையாளம் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு பாய்?"

"மேல்தளத்துக்குக் கீழ ஒரு முழம் மேடம்."

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மூணாவது கண்ணு வீண்னு எத்தன பேர் சொன்னாங்க தெரியுமா? நானே சில நாள் சந்தேகப்பட்டிருக்கேன்."

"அந்தக் கண்ணுதாம்மா எனக்கு உசிரு" என்று கிருஷ்ணன் கைகூப்பினார்.

"அன்னிக்குக் கத்துனதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றார் முதஸ்ஸிர்.

"நீங்க கத்தலன்னா எனக்கு எந்தக் கிழமைன்னு எப்படித் தெரியும்?"

செங்கம் சாலையில் வெள்ளம் அடித்துச் சென்ற குழாய்ப் பாலத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்தாள். அதையும் அவள்தான் கட்டப்போகிறாள். வெள்ளம் எந்த வயல்வரை பரவியது என்று கேட்டாள். கிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு கொல்லையாகச் சொல்லத் தொடங்கினார். முதஸ்ஸிர் மூன்று பேருக்கும் டீ வாங்கப் போனார்.