மாதவி ஓட்டினாள் என்று எழுதுவதற்கு

1

கோபத்தில் பிறந்த கதை இது, மறைப்பானேன். மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங்கில் என் பக்கத்து வீட்டு மாதவி, செரண்டா ஊர்க் கிடங்கு ஒன்றில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் வேலைக்கு ரெஸ்யூம் எழுதித் தரச் சொன்னாள்.

"கதையெல்லாம் எழுதுறீங்க, இது என்ன பெரிய வேல லா."

2

தொடக்கம் ஒன்று: 'செம்பனைக் காட்டின் மேல் பனி மெல்ல—'

சீ. வேலைக்கு மனுப் போடுகிறவளுக்குப் பனி எதற்கு?

தொடக்கம் இரண்டு: 'கணவனை இழந்த மாதவி, கண்ணீரோடு—'

"நான் எப்ப அழுதேன்? என் வீட்டுக்காரரு உள்ள தூங்குறாரு" என்றாள் திரையை எட்டிப் பார்த்து. அழித்தேன்.

3

நடந்தது இதுதான். மரச்சாமான் தொழிற்சாலையில் அவளைக் கூட்டிப் பெருக்கத்தான் எடுத்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன் வேலையை விட்டு நின்றதும் சூப்பர்வைசர் சிவானந்தம் சாவியை இவளிடம் கொடுத்தார். ஆறு வருடம் ஓட்டினாள். லைசென்ஸுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார் மனிதர். புது ஆள் வந்ததும் திரும்பவும் துடைப்பத்தை நீட்டினார். மாதவி வேலையை விட்டு விலகினாள். சொந்தச் செலவில் பயிற்சிக்குப் போய் லைசென்ஸும் எடுத்துவிட்டாள். கிடங்கு கேட்பதோ அனுபவம்.

(வண்டி ஓட்டுகிறாள் என்று அன்றைக்கே எழுதி வாங்கியிருக்கலாமே என்பீர்கள். ஒரே எஸ்டேட், ஒரே கோயில் திருவிழா. அண்ணன் என்று கூப்பிட்டவரிடம் கடிதம் கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். நாம் இப்படித்தான் ஏமாறுகிறோம்.)

அனுபவக் கடிதம் கேட்டு என் முன்னாலேயே சிவானந்தத்துக்குப் போன் போட்டாள்.

"கூட்டுற வேலன்னு எழுதித் தரேம்மா. ஓட்டுனேன்னு எழுத முடியாது. லைசென்ஸ் இல்லாத ஆள வண்டியில ஏத்துனதுக்கு என் வேல போயிடும்."

"ஏத்திவிட்டதே நீங்கதானண்ணே?"

போனை வைத்துவிட்டார்.

[சிவானந்தத்துக்கும் பிள்ளைகுட்டி உண்டு என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. நடுநிலைதான் எழுத்தாளருக்கு அழகாம். எனக்கு அந்த அழகு வேண்டாம், வயிறு எரிகிறது.]

4

முடிவு அ: சிவானந்தம் மனம் மாறி— மாறவில்லை.

முடிவு ஆ: 'அனுபவம்: துப்புரவு.' கிடங்கு கூப்பிடாது.

"ஆறு வருசம் ஓட்டுனேன்னு போடுங்க. நெசந்தானே" என்றாள் மாதவி. போட்டேன்.

அடுத்த வரி: இதை உறுதிசெய்யக்கூடியவர் பெயர், போன் எண். கூட வேலை பார்த்த வங்காளதேசத்து ஆட்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். நான் பக்கத்து வீடு, அவள் ஓட்டி நான் பார்த்ததில்லை.

வாசகரே, நீங்கள் இவ்வளவு தூரம் படித்தீர்கள். பாவம் என்றும் நினைத்திருப்பீர்கள். அது இந்த வரியில் செல்லாது. உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

"கிடங்குலருந்து போன் வந்தா எடுப்பாங்களான்னு கேளுங்க" என்கிறாள் மாதவி.