விழாத மலை

இரங்கல் கூட்டம் நாலு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பேராசிரியரின் மகள் மருந்தகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்றரைக்கே வந்து, முன்வரிசை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அப்பா முப்பத்தொரு வருடம் மண்ணையும் மலையையும் பற்றிப் பாடம் நடத்திய அறை அது. சுவரோரக் கண்ணாடி அலமாரிகளில் சீட்டு ஒட்டிய கற்கள். மேடையில் அவருடைய படம். படத்தில் இருந்த அந்தச் சிரிப்பை அவள் நேரில் பார்த்து மூன்று வருடமாகிறது.

மூன்று வருடமும் அவரைக் குளிப்பாட்டி, மாத்திரையைப் பொடி செய்து கஞ்சியில் கலந்து ஊட்டி, படுக்கை விரிப்பை மாற்றி மாற்றித் துவைத்துக் காயப்போட்டவள் அவள்தான். அவர் போய் மூன்று வாரமாகியும் அவள் உடம்பு அதை நம்பவில்லை. காலை ஐந்தரைக்கு மருந்து கொடுக்கத் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் "இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள். அவளும் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

துறைத்தலைவர் மூச்சுக்கு மூச்சு 'மாமேதை' என்றார். பழைய மாணவர் ஒருவர், மலையேறும்போது தனக்குக் கால் சுளுக்கிக்கொண்டதையும், பேராசிரியர் இவர் பையையும் சேர்த்துத் தூக்கி வந்ததையும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து அவளுடைய பெண், பேராசிரியரின் பேத்தி, எழுந்தாள். இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்தவள்.

"எனக்கு நாலு வயசு இருக்கும். தாத்தா ஒரு கல்லக் குடுத்து, 'நக்கிப் பாரு, நாக்குல ஒட்டினா களிமண்ணு'ன்னாரு. மறுநாள் அம்மா என்னை அவங்க மேலதிகாரி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நான் நேரா போய் அவங்க வீட்டுச் சுவத்த நக்கிட்டு, 'அம்மா, இது ஒட்டல'ன்னு சொன்னேன்."

அறை குலுங்கிச் சிரித்தது. மகளும் சிரித்தாள். அப்பாவாக இருந்தபோது வருடத்தில் பாதி நாள் மலைமலையாகச் சுற்றியவருக்குத் தாத்தாவானதும் எங்கிருந்துதான் அவ்வளவு நேரம் வந்ததோ என்று உள்ளே ஒரு சின்ன எரிச்சல் எழுந்தது. இப்போது அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை.

அவள் முறை வந்தது. ஒரு வாரமாக எழுத உட்கார்ந்து ஒரு வரி ஓடவில்லை. "அப்பாவ எல்லாருக்கும் பிடிச்சிருந்திருக்கு. சந்தோஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

துறைத்தலைவர் நன்றி சொல்லி முடிக்கப் போகும்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் மலையடித் தெருக்காரி. ரெண்டு வார்த்தை பேசலாமா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை பேசிய யாரும் அந்த மலையின் பக்கமே போகாமல் பக்குவமாகச் சுற்றி வந்திருந்தார்கள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு மலைச்சரிவின் உச்சியில் பேராசிரியர் நீளமாக ஒரு விரிசலைக் கண்டார். அந்த வருட மழைக்கே சரிந்துவிடலாம், கீழே உள்ள நாற்பது வீடுகளையும் காலி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரிகள் எல்லாரையும் ஊரின் மறுகோடியில் இருந்த குடியிருப்புக்கு மாற்றினார்கள். மழை வந்தது, போனது. மலை விழவில்லை. அடுத்த வருடமும் விழவில்லை. ஆளில்லாத வீடுகளில் கதவு, ஜன்னல் எல்லாம் களவு போயின. ஜனங்கள் பேராசிரியர் வீட்டு வாசலில் வந்து நின்று வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். 'விழாத மலை வாத்தியார்' என்று பெயரும் வைத்தார்கள். புதிதாகக் கல்யாணமான மகள் அந்தப் பெயரைப் பேருந்தில் கேட்டுவிட்டு, யாரோ மாதிரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது கணக்குத் தீர்க்க ஒருத்தி வந்துவிட்டாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. திட்டினால் திட்டட்டும். எழுந்து தடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

வந்தவள் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. மேடைக்குப் போகாமல் நின்ற இடத்திலிருந்தே பேசினாள்.

"அவர அதிகமாத் திட்டினது நான்தான். எங்க வீட்டுக்காரர் கல்லுக் கல்லாத் தூக்கிக் கட்டின வீடுங்க அது. ஆனா வருஷா வருஷம் மழை விட்டதும் இவரு என்னைத் தேடி வருவாரு. மெஷின் பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்து, 'இந்த வருஷமும் விழலம்மா'ன்னு சொல்வாரு. பத்தொம்பது வருஷம். ஒரு தடவ நான் கேட்டேன், 'அப்ப நீங்க சொன்னது தப்புதானே?' 'தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்மா. நான் சொன்னது சரியாப் போயி மலை விழணும்னு எந்த ராத்திரியும் நான் நெனச்சதில்ல'ன்னாரு."

அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"நான் அவர மன்னிக்கல. அதையும் சொல்லிடறேன். ஆனா மூணு வருஷமா அவரு வரல. மழை விட்டா வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். இனிமே யாரு வந்து சொல்லுவா?"

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று வருடமாகப் படுக்கையில் கிடந்தபடி அப்பா ஓயாமல் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மழை விட்டுடுச்சா?" நல்ல வெயிலிலும் கேட்பார். நினைவு தப்பிய மனிதரின் பிதற்றல் என்று எண்ணி, "விட்டுடுச்சுப்பா, தூங்குங்க" என்று போர்வையை இழுத்துவிட்டிருக்கிறாள். அவர் மலைக்குப் புறப்படப் பார்த்திருக்கிறார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"நான் வரேன்" என்றாள். சொன்ன வேகத்திலேயே, ஒரு சுமை இறங்கி மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் இன்னொன்றா என்று உடம்பு முனகியது.

மழை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். அப்பாவோடு வருடம் தவறாமல் மலையேறிய, ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் வழிகாட்டினார். "முட்டி ரெண்டும் மக்கர் பண்ணுதும்மா" என்று பத்தடிக்கு ஒருமுறை நின்றார். அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. உச்சியில் விரிசலின் இரு பக்கமும் அப்பா அடித்துவைத்த இரும்புக் கம்பிகள் துருப்பிடித்து நின்றன. கம்பிகளுக்கு நடுவே நாடாவைப் பிடித்து அளந்தார்கள். உதவியாளர் சட்டைப் பையிலிருந்து பழைய அளவு எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"மூணு வருஷத்துல ரெண்டு விரக்கடை தள்ளியிருக்கு. மலை நகர்ந்துக்கிட்டுத்தாம்மா இருக்கு."

"அப்போ அப்பா சொன்னது சரியா?"

"என்னைக்கோ ஒரு நாள் சரி. என்னைக்குன்னு அவருக்கும் தெரியாது."

கீழே கூரையிழந்த நாற்பது வீடுகள் செடி மண்டிக் கிடந்தன. ஒரு மனுஷ நடமாட்டமில்லை.

ஊரின் மறுகோடிக் குடியிருப்பில், தையல்காரி வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்த வருஷமும் விழலம்மா."

"ம்" என்றாள் தையல்காரி. துணியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "டீ போடறேன், இரு. இந்த ஒரு தையலை முடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் தையலை முடித்துத் திரும்பியபோது, மகள் சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தையல்காரி எழுந்துபோய்த் தெருக்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.