வயிற்றுத் தாகம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வைத்தீசுவரன் மேல் சத்தியம். அது போதாது என்பவர்களுக்குத் தாபோடிப் பாலத்தின் மேலும் சத்தியம். பாலம் இன்னும் நிற்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கல்யாணசுந்தரம் கும்பகோணத்திலிருந்து புனேக்கு வந்து, தாபோடியில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். அவர் இழுத்த கோட்டின் மேல் எறும்புகள் நேராக ஊர்ந்து பழகும். மராத்தி தமக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். 'இந்தக் காகா பேசுவது எந்த ஊர்த் தெலுங்கு?' என்று காய்க்காரி கேட்டதைக்கூட அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி கோதைக்கு விலக்கான நாட்களில் வலி. சும்மா வலியில்லை, மொசைக் தரையில் சுருண்டு படுத்தால் மறுநாள்தான் நிமிர்வாள். பெண் பிறந்தால் தீப்தி என்று பெயர் வைப்பதாக முடிவு செய்திருந்தாள். தமிழர், மராத்தியர் இருவர் வாயிலும் நுழைகிற பெயர். வலி மாதம் தவறாமல் வந்தது. தீப்திதான் வரவில்லை.

1994இல் அவளைப் புனே கேம்ப் பகுதியில் டாக்டர் லேலே அம்மாவிடம் அழைத்துப் போனார். டாக்டர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். கல்யாணசுந்தரம் கையை உயர்த்தி, "மராத்தி போலா, மராத்தி" என்றார். டாக்டருக்கு மகிழ்ச்சி. கோதையின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு மடமடவென்று பேசினார். அதில் கல்யாணசுந்தரத்தின் கைக்கு அகப்பட்டது ஒரே சொல்: தாஹ்.

"என்னங்க சொல்றாங்க?" என்றாள் கோதை.

"தாகமாம்."

"தாகமா? எனக்கு வலிதானே இருக்கு!"

"உனக்கில்ல, உன் வயித்துக்கு. அது தண்ணி கேக்குது, நீ குடுக்கமாட்டேங்கறே. அதான் கோவிச்சுக்குது."

வயிற்றைப் படம் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று டாக்டர் அடுத்துச் சொன்னார். மராத்தியில் படம் எடுப்பதற்கும் வரைவதற்கும் ஒரே வினைச்சொல். தம் உத்தியோகத்தை விசாரிக்கிறார் என்று நினைத்த கல்யாணசுந்தரம், "ஹோ, ரோஜ் காட்தோ" என்றார். ஆமாம், தினமும் வரைகிறேன் என்று. சரி, படம் வரட்டும் என்று டாக்டர் அதுவரை வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரையில் அந்த மாதம் வலி தணிந்தது. பேர் கல்யாணசுந்தரம் கொடுத்த மோருக்குப் போயிற்று.

அன்றிலிருந்து கோதைக்கு நீர்தான் வைத்தியம். விடிந்தால் வெந்தயத் தண்ணீர், பத்து மணிக்கு மோர், மதியம் இளநீர், அந்தியில் பானகம். அவள் குடித்த இளநீரில் கேம்ப் இளநீர்க்காரன் மாடி எடுத்தான். மழை கொட்டிய ஆடியில் பாலத்தடியில் முளா நதி இரண்டு முழம் இறங்கியது. குழாய் எங்கேயோ உடைந்திருக்கிறது என்று நகராட்சி ஆட்கள் தெருத்தெருவாகத் தோண்டிக்கொண்டு வந்து, கோதையின் அடுக்களை வாசலில் கடப்பாறையைச் சாத்திவிட்டுக் கும்பிட்டார்கள். அவ்வளவு குடித்தும் வயிற்றுச் சூடு அடங்கவில்லை. மோர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்தால் பொங்கியது. அப்பளம் தானாகப் பொரிந்தது. இதையெல்லாம் கல்யாணசுந்தரம் ஆபீஸில் சொல்லச் சொல்ல, மூன்று மேஜைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"ஏண்டி கோதை, ஆத்தையே குடிச்சிட்டியாமே?" என்றாள் பக்கத்து வீட்டு லலிதா.

"அவர் கதையில நான் நல்லாத்தான் இருக்கேன்க்கா. வெளியிலதான் முடியல."

கல்யாணசுந்தரம் அதற்கும் சிரித்தார். இப்படியே வருஷங்கள் போயின.

2003இல் ஒருநாள், கேம்ப் போகும் பஸ்ஸில் கோதை நின்றபடியே மடங்கி விழுந்தாள். மறுபடியும் அதே டாக்டர். இந்த முறை கோதை புருஷனை முந்திக்கொண்டு, தன் அரைகுறை ஹிந்தியில் தானே பேசினாள். அன்றே படம் எடுத்தார்கள். அந்த வாரமே அறுவைச் சிகிச்சை.

முடிந்ததும் டாக்டர் அவரைத் தனியே உட்காரவைத்து, ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற ஒன்று, வெளியே முட்டைப்பை மேலும் குடல் மேலும் ஒட்டி வளர்ந்திருக்கிறது. மாதாமாதம் அதுவும் கசிகிறது. கசிந்தது வெளியேற வழியில்லை. அதைத் துப்புரவாக்க உடம்பு ஆட்களை அனுப்புகிறது. வந்தவர்கள் வேலையை முடிக்காமல் அங்கேயே கூடாரம் போட்டுத் தீ மூட்டிவிடுகிறார்கள். அந்தத் தணலில் புது ரத்தக்குழாய் முளைக்கிறது, புது நரம்பு முளைக்கிறது, ஒட்டியது மேலும் வளர்கிறது. வளர வளரத் தணலும் கூடுகிறது. வெந்து வெந்து உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

"முதல் தடவையே சொன்னேனே, தாஹ் என்று."

"தண்ணி குடுத்தேனே டாக்டர்," என்றார் கல்யாணசுந்தரம்.

டாக்டருக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்தபோது அவர் சிரிக்கவில்லை. தாஹ் என்றால் எரிச்சல், அழற்சி என்று மட்டும் சொன்னார்.

"அப்பவே படம் எடுத்திருந்தா?"

"உறுதியாகச் சொல்ல முடியாது. இவ்வளவு ஒட்டியிருக்காது. ஒரு முட்டைப்பையை எடுத்துவிட்டோம், கருக்குழாய் இரண்டும் அடைத்துக் கிடக்கிறது. குழந்தைக்கு இனி நம்பிக்கை வைக்காதீர்கள்."

கல்யாணசுந்தரம் வார்டுக்குப் போனார். கோதை கண் விழித்திருந்தாள். அவர் கை, பழக்கத்தில், கூஜாவை எடுத்தது. நர்ஸ் அதட்டினாள், நாளை வரை சொட்டுத் தண்ணீர் கூடாது. கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வலிக்குதா கோதை?"

அவள் அவரையே பார்த்தாள். சிரிப்பதா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

"கேக்கறதுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "தீப்தின்னு வேற யாராச்சும் வச்சுக்கட்டும்."

ஆபீஸில் அடுத்த வாரம் கதை கேட்டார்கள். நதி வற்றியதை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். கல்யாணசுந்தரம் பாதியில் விட்டால் எடுத்துக் கொடுத்தார்கள். அவர் முளா நதி வரைக்கும் வந்து நிறுத்திவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். சீவிச் சீவிப் பென்சில் தீர்ந்தது.

ஆறு இறங்கியது சத்தியம், இளநீர்க்காரன் மாடி எடுத்தது சத்தியம். தனக்குத் தாகம் என்று கோதை ஒருநாளும் சொன்னதில்லை.