பதினொரு மணிவரை பஞ்சமி

விரலை மடக்கிச் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு போனார் ஞானேந்திரன். ஓரிடத்தில் சத்தம் மாறியது. "இதுக்குள்ளைதான் பழைய கதவு" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

பின்னால் கட்டிலில் அவருடைய மச்சான் உருத்திரமூர்த்தி நாடி கட்டப்பட்டுக் கிடந்தார். காலை பத்து மணிக்கு மூச்சு நின்றது. இரண்டு மணிக்குப் பியூனரல் ஹோம்காரர் எடுத்துப்போக வருவார்கள். புஷ்பவதி கணவனின் கால்மாட்டில் இருந்தாள். இன்னும் அழவில்லை.

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

"பஞ்சமியிலை போனவர், புஷ்பம். கலண்டரிலை இண்டைக்குப் பகல் பதினொரு மணிவரை பஞ்சமி போட்டிருக்கு. ஊரிலையெண்டால் சுவரை உடைச்சுத்தான் எடுப்பம். வாசலாலை எடுத்தால் வழி பிடிச்சுத் திரும்பி வந்திடுவார்."

புஷ்பவதி தலையை நிமிர்த்தி அண்ணனைப் பார்த்தாள். காலையிலிருந்து வந்த ஆட்களெல்லாம் போயிட்டார், போயிட்டார் என்றுதான் சொன்னார்கள். வருவார் என்று சொன்ன முதல் ஆள் அண்ணன்தான்.

அது பிரெஞ்சு பேசும் குளிர் ஊரொன்றில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மேல்மாடி வீடு. ரயில்வேயில் வேலை செய்த ஒரு இங்கிலிஷ்காரன் ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறில் கட்டினது. வெளிப்படி ஏறிவரும் பல்கனிக்கு இரண்டு கதவு வைத்திருந்தான், ஒன்று வீட்டாருக்கு, மற்றது முன்னறைக்கு வரும் விருந்தாளிகளுக்கு. அவனுக்குப் பிறகு வாங்கிய கிரேக்கன், மனைவி செத்த கிழமையே முன்னறைக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டான். ஏனென்று கேட்டதற்கு, குளிர் என்று மட்டும் சொன்னானாம். மாரியில், பனி கொட்டும் நாட்களில், அந்தச் சுவருக்குள் ஆரோ பூட்டைத் திருகுவதுபோலக் கேட்கும். "பழைய வீட்டுக்காரர் திறப்பைத் துலைச்சிட்டு நிக்கினம்" என்று உருத்திரமூர்த்தி பகிடி விடுவார். புஷ்பவதிக்குச் சிரிப்பு வராது. லைற்றைப் போட்டுக்கொண்டுதான் படுப்பாள்.

சுவர்ப்பூச்சு உடைந்து தூசி போர்வையில் விழுந்தது. அவள் எழும்பி அதைத் தட்டிவிட்டாள்.

"காணும் அண்ணை. வாசலாலை கொண்டு போகட்டும்."

"சொன்னது விளங்கேல்லையோ? வந்திடுவார்."

"வரட்டும்."

ஞானேந்திரன் சுத்தியலோடு திரும்பிப் பார்த்தார். "சும்மா விசர்க்கதை கதையாதை. அப்பிடியெண்டால் ஆறு மாசம் வீட்டைப் பூட்டிப்போட்டு எங்களோடை வந்திரு."

"நான் ஓரிடமும் வரேல்லை. வாறவருக்கு ஆர் கதவு திறக்கிறது?"

அப்போதுதான் மகள் வித்தியா குசினிக்குள்ளிருந்து கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"மாமா, இது யாழ்ப்பாணத்திலை அடிச்ச கலண்டர். நேரமெல்லாம் அங்கத்தை நேரம். அப்பா போகேக்கை அங்கை இரவு எட்டரை. பஞ்சமி எப்பவோ முடிஞ்சுது."

ஞானேந்திரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். விரலை மடக்கி மணியை எண்ணினார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்தார். அவருடைய முகம் தெளிந்தது.

"நல்லகாலம், பிள்ளை. மச்சான் புண்ணியவான். இனி இந்தப் பக்கம் திரும்பியும் பாக்கமாட்டார்."

"பாத்தியளே அம்மா, பயப்பிட ஒண்டுமில்லை" என்றாள் வித்தியா.

புஷ்பவதி கலண்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன எழுத்துகளைக் கனநேரம் பார்த்தாள்.

"வடிவாக் கணக்குப் பாத்தனியோ?"

"ஓம் அம்மா. ரெண்டுதரம் பாத்தனான்."

"இன்னொருக்காப் பார்."

வித்தியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

இரண்டு மணிக்கு, கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் "பொன்ஜூர், மடாம்" என்று குனிந்து வந்தார்கள். உருத்திரமூர்த்தியைப் பட்டிகளால் இறுக்கிக் கட்டி, முன் வாசலால் எடுத்து, வளைந்து இறங்கும் இரும்புப் படிகளில் ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறக்கினார்கள். திருப்பத்தில் ஒருமுறை கம்பியில் முட்டுப்பட்டது. புஷ்பவதி பல்கனியில் நின்று பார்த்தாள். அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதாள். அவரை ஏற்றிய கார் மூலை திரும்பியது. ஞானேந்திரனும் தன் காரில் பின்னால் போனார்.

புஷ்பவதி உள்ளே வந்து, திறந்து கிடந்த வாசலுக்கு நேரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். பனித்துகள் உள்ளே வந்து கால்விரிப்பில் விழுந்தது. வித்தியா கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதை, பிள்ளை."

"அம்மா, குளிர். வீடு விறைக்கப்போகுது."

"கொஞ்சம் பொறு. அவர் படியிலை மெல்லத்தான் ஏறுவார்."

வித்தியா கதவிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே போய் அம்மாவின் கோட்டை எடுத்துவந்து தோளில் போர்த்திவிட்டு, பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.