நடேசன் கழற்றிப்போட்ட கார்

சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் ஒன்பதாம் மாடி வீடொன்றில், குண்டு விழுந்தால் பதுங்கவென்று கட்டிச் சாமான் அறையாகிப்போன பாம் ஷெல்டருக்குள், போன அக்டோபர் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில், ஒரு கார் தானாகவே கூடி நின்றது. கதவைத் திறந்த பஞ்சவர்ணம் திடுக்கிடவில்லை. அரிசி மூட்டையை நசுக்கிவிட்டதே என்றுதான் எரிச்சல்பட்டாள்.

அந்தக் காரின் வரலாறு அவள் புருஷன் நடேசனுடைய ஜம்பத்தின் வரலாறு. கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், அறுபதுகளில் வெள்ளைக்காரன் செய்த ஒரு பச்சை ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இரண்டே பேர் உட்காரலாம். வாங்கிய மறுவாரம் மலேசியாவின் குளுவாங்கில், பஞ்சவர்ணத்தின் அக்கா சரஸ்வதி தன் மகளுக்கு வளைகாப்பு நடத்தினாள். சம்பந்தி வீட்டார் வரிசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில் எழுந்து நின்று, "அடுத்த தடவை நாங்க ரெண்டு பேரும் கார்லதான் வருவோம். பஸ்ல வந்தா என் பேரு நடேசன் இல்ல" என்று அறிவித்தார். யார் கேட்டார்கள் இவரை! சம்பந்தி அம்மாள் பாயசத்தைக் குடித்துக்கொண்டே "பார்ப்போமே" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு ரோஷப்பட்டுப் பஞ்சவர்ணமும் குளுவாங்குக்குப் பஸ் ஏறுவதை விட்டாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அக்காவைப் பார்க்காமலே ஏழு வருஷம் போயிற்று.

ஏழு வருஷமும் நடேசன் கழற்றிக்கொண்டே இருந்தார். பழங்காலக் கார்களுக்கு வருஷத்துக்கு நாற்பத்தைந்து நாள் ஓட்ட அனுமதி உண்டு. ஒரு நாளாவது ஓட்டிக் கிழித்தாரா? யூடியூபில் ஏதோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தா சொன்னதெல்லாம் அவருக்கு வேதவாக்கு. தாத்தா பிரேக் போதாது என்றால் பிரேக்கை மாற்றினார், கியர்பாக்ஸ் பழசு என்றால் கியர்பாக்ஸை மாற்றினார். ஜப்பான் என்ஜின் வந்தது, ஏர்கான் வந்தது, புது சீட் வந்தது. துருப்பிடித்த தகடுகளைக்கூட ஒவ்வொன்றாக அறுத்தெடுத்துப் புதுசு வைத்தார். கார் பார்க்கில் கடைபரப்பினால் யாராவது புகார் கொடுப்பார்கள் என்று பாதி வேலை சமையலறையில் நடந்தது. இட்லிப் பானைக்குப் பக்கத்தில் கார்புரேட்டர் கிடந்தது. கழற்றிய பழசையெல்லாம், "ஒரிஜினல், தூக்கிப் போடக்கூடாது" என்று ஷெல்டரில் அடைத்தார். கடைசியில் அதே நம்பரில் புது பிளேட் மாட்டியதும் பழைய நம்பர் பிளேட்டும் உள்ளே போனது.

இதற்கிடையில் சரஸ்வதிக்குச் சர்க்கரை கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. தீபாவளிக்கு மேல் பார்வை இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "உன் முகத்த ஒரு தடவை பார்த்துக்கிறேன் வர்ணம், எப்படியாச்சும் வா" என்று போனில் அழுதாள். பஞ்சவர்ணமும் அழுதுகொண்டே போய்ச் சொன்னாள். நடேசன் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் லா. ஹெட்லைட் மட்டும் மாத்திட்டா அடுத்த வாரம் கண்டிப்பா போயிடலாம்."

"உங்க ஹெட்லைட்டுல இடி விழ! எங்க அக்காவுக்குக் கண்ணு போகுது."

வியாழன் ராத்திரி கழற்றிய ஹெட்லைட்டும் ஷெல்டருக்குள் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலை அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், ரோஷமாவது மண்ணாங்கட்டியாவது, பஸ்ஸிலேயே போகிறேன் என்று பையை எடுக்கத்தான் அவள் ஷெல்டரைத் திறந்தாள். பழைய சீட், பழைய சக்கரம், பழைய நம்பர் பிளேட்டோடு கார் நின்றது. சாவியும் தொங்கியது. உட்லண்ட்ஸ் கிடங்கில் பதினோரு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவளுக்கு இது எம்மாத்திரம்! கார் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி லிப்ட்டுக்குள் நுழைந்தது. பக்கத்து வீட்டு அப்துல் முத்தலிப் கதவை மூடாமல் பிடித்துக்கொண்டு, "எண்ணெய் சொட்டுது, பார்த்துப் போங்கக்கா" என்றார். ஏழே காலுக்கு ஜோகூருக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டினாள். சோதனைச்சாவடியில் கடப்பிதழைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்‌ஷனில் அதிகாரி நடேசனின் நம்பரைத் தட்டிப் பார்த்தார். "இந்தக் கார் காலையிலயே ஜோகூர் போயிடுச்சே சார். நீங்க கொண்டு வந்திருக்கிறது என்ன?" நடேசன் பானெட்டைத் திறந்து குனிந்து தேடினார். அவர் கொண்டுபோனதில் அந்தக் காரின் ஒரு ஆணிகூட இல்லை.

குளுவாங்கில் சம்பந்தி அம்மாள் காரைச் சுற்றி வந்து, "ஏர்கான்கூட இல்லையா?" என்றாள். சரஸ்வதி காரைப் பார்க்கவே இல்லை. தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "இவ்வளவு நரைச்சுப் போச்சாடி உனக்கு" என்றாள். பஞ்சவர்ணம் அங்கேயே தங்கிவிட்டாள். தினமும் அந்தக் காரில்தான் இருவரும் பசாருக்குக் காய்கறி வாங்கப் போனார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா காலையில் எழுந்ததும் முதலில் தங்கை முகத்தைத்தான் பார்ப்பாள். தீபாவளிக்கு மறுநாள் கையால் தடவிப் பார்த்தாள். "இப்பவும் நல்லாத் தெரியுது" என்றாள்.